வீட்டில் யூபிலி: கடன் நோட்டை வெளியே எடுங்கள்

2024 கிறிஸ்துமஸ் அன்று, இராப்பூசை முடிந்து தூங்கி எழுந்த கையோடு என் மகன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது. "அம்மா, நம்ம வீட்டுக் கதவையும் இப்படித் திறக்கலாமா?" என்று கேட்டான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. மன்னிப்புக்கும் புது வாழ்வுக்குமென்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவிக்கும் சிறப்பு ஆண்டுதான் யூபிலி, அதன் தொடக்கமாகத்தான் புனிதக் கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டு யூபிலி அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

தூத்துக்குடியில் நாங்கள் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் மகள், இவன், நடமாட முடியாத மாமி. 2026 ஜனவரி 6ஆம் தேதி, பிரான்சிஸுக்குப் பின் வந்த திருத்தந்தை லியோ அந்தக் கதவை மூடும் வரை என்ன செய்தோம், எது நிலைத்தது என்று எழுதுகிறேன். 2033இல் நம் மீட்பின் இரண்டாயிரமாவது ஆண்டு வருகிறது. அப்போது யாருக்காவது உதவும்.

கதவைப் பற்றி முதலில். நம் வீட்டு வாசல் புனிதக் கதவு ஆகாது, பிள்ளைகளிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2025இல் உரோமையின் நான்கு பெரிய பேராலயங்களிலும், ரெபிபியா சிறையிலும்தான் புனிதக் கதவு திறந்தார்கள். ஆனால் "நானே வாயில்" என்று ஆண்டவர் சொன்னதை நினைக்க எந்த வாசலும் போதும். டிசம்பர் 29, திருக்குடும்ப விழா, மறைமாவட்டங்களில் யூபிலி தொடங்கிய ஞாயிறு. அன்று மாலை நிலைப்படியைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றி, எல்லோரும் வெளியே போய் நின்று யோவான் 10ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தோம். மாமியை நாற்காலியோடு தூக்கி வந்தோம். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அப்புறம் யூபிலியின் சின்னத்தை ஓர் அட்டையில் வரைந்து பீடத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். நான்கு பேர் ஒருவரை ஒருவர் அணைத்தபடி நிற்பார்கள். முன்னால் நிற்பவர் சிலுவையைப் பிடித்திருப்பார். சிலுவையின் அடிப்பாகம் நங்கூரமாகி அலைக்குள் இறங்கும். மகள் அதற்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தபோது மாமி வாய் திறந்தார்கள். மாமாவோடு வள்ளத்துத் தொழிலில் காலம் தள்ளியவர்கள். "நங்கூரம் போட்டா காத்து நிக்காதுட்டி. வள்ளத்தோட மூக்கு காத்தப் பாத்துத் திரும்பி நிக்கும், அவ்வளவுதான்" என்றார்கள். "எதிர்நோக்கு ஒருபோதும் ஏமாற்றம் தராது" என்ற உரோமையர் வசனத்துக்கு இதைவிட நல்ல மறையுரையை நான் அந்த வருடம் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள்.

மாமிக்கு ஒரு கவலை இருந்தது: கோவிலுக்கே போக முடியாதவளுக்குப் பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சும் தண்டனையும் முழுதாக நீங்கும் அருள்) எப்படிக் கிடைக்கும்? கிடைக்கும். நோயாளிகள், முதியவர்கள், வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே மனத்தால் திருப்பயணிகளோடு ஒன்றித்து, கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம் முதலியவற்றைச் சொல்லி, தங்கள் வேதனையை ஒப்புக்கொடுத்தால் போதும் என்று திருச்சபையின் ஆணையிலேயே இருக்கிறது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக செபம், பாவத்தில் பற்றில்லாத மனம், இவை எல்லோருக்கும் உள்ள நிபந்தனைகள். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி அவரை வீட்டுக்கு வரவழைத்தோம். அவர் வந்த அன்று மாமி கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

அதே ஆணையில் தவமுயற்சிக்கும் இடம் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது வீண் பொழுதுபோக்கையும் தேவையில்லாத செலவையும் விட்டு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பது. நாங்கள் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டோம். நாள் முழுக்க போன் இல்லை என்று வைத்தது முதல் மாதமே நடக்கவில்லை, மகளின் பாடக் குறிப்புகள் வாட்ஸாப்பில்தான் வருகின்றன. அதனால் மாலை ஏழு மணிக்கு எல்லா போனும் எவர்சில்வர் சம்படத்துக்குள், மறுநாள் காலை வரைக்கும் என்று மாற்றினோம். அது வருடம் முழுக்க நின்றது. கடற்கரை வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு இறைச்சியை விடுவது பெரிய காரியமில்லை, மீனை விடுவதுதான் கஷ்டம். மீன் காசை உண்டியலில் போட்டோம். மாதக் கடைசியில் எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு மருந்து வாங்க அது ஆனது. கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுவது. லேவியர் 25ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும், அடிமைப்பட்டவர் விடுதலையாகி வீடு திரும்புவர், விற்ற நிலம் உரியவருக்கே திரும்பும். 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் முதல் யூபிலியை அறிவித்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸும் இந்த யூபிலி அறிவிப்பு மடலில், ஏழை நாடுகளின் கடனை மன்னித்துவிடும்படி பணக்கார நாடுகளைக் கேட்டிருந்தார். அதை வாசித்த இரவு வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை.

அவருடைய சித்தப்பா மகனுக்கு நாங்கள் இருபதாயிரம் கொடுத்திருந்தோம், ஆறு வருடம் முன்னால். அவரால் திருப்ப முடியவில்லை. நாங்கள் கேட்டோம், அப்புறம் கேட்பதை நிறுத்தினோம், அப்புறம் போக்குவரத்தே நின்றுபோனது. பனிமய மாதா திருவிழாவில் எதிரெதிரே வந்தால் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பணம் தேவைதான், மகள் படிப்பு இருக்கிறது. இரண்டு வாரம் நாங்கள் இருவரும் பேசிப் பேசித்தான் முடிவுக்கு வந்தோம். இதில் கணவன் மனைவி இருவருக்கும் முழு மனது இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் மன்னித்தால் அது வீட்டுக்குள் வேறு சண்டையாகிவிடும்.

ஏப்ரல் 21, பாஸ்கா திங்கள், திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. அவர் படத்துக்கு முன்னால் செபமாலை சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர், "இந்த வாரமே போவோம்" என்றார். மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனோம். சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "மன்னித்துவிட்டோம்" என்று சொன்னால் அவர்களுக்கு அது இன்னொரு சுமை. "யூபிலி வருஷம்லா, அந்தக் கணக்க முடிச்சாச்சி. நீங்க வீட்டுக்கு வரணும், அம்மா தேடுறாங்க" என்று மட்டும் இவர் சொன்னார். சித்தப்பா மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய், காப்பி கொண்டுவர ரொம்ப நேரமானது. கண் சிவந்திருந்தது.

உங்களிடம் கடன் நோட்டு இல்லாமலும் இருக்கலாம். பேச்சை நிறுத்திய நாத்தனார், பங்கு பிரித்ததில் முறைத்துக்கொண்ட தம்பி என்று ஏதோ ஒன்று இருக்கும்.

திருப்பயணத்துக்கு, உங்கள் ஆயர் எந்தெந்தக் கோவில்களை யூபிலித் தலங்களாக அறிவிக்கிறார் என்று பங்கில் கேட்டு அங்கே போங்கள். அதோடு நாங்கள் அக்டோபரில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் போனோம், இந்த முறை இரண்டு குடும்பமும் சேர்ந்து. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022இல் புனிதரானார். குருவும் இல்லை, துறவியும் இல்லை, நம்மைப்போல் வீடு வாசல் உள்ளவர். அங்கே ஒரு பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கும். மணியடிச்சான் பாறை என்பார்கள். என் மகனும் சித்தப்பா மகனின் பிள்ளைகளும் மாறி மாறித் தட்டினார்கள். இறங்க மனமே இல்லை அவர்களுக்கு.

டிசம்பர் 28, மறைமாவட்டத்தில் யூபிலி முடிந்த ஞாயிறு, அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அன்று இரவு கடன் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். மகள் வேண்டாம் என்று வாங்கி, இருபதாயிரத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு நங்கூரம் வரைந்தாள். நோட்டு பீரோவில் இருக்கிறது.