மேட்லாபுக்கு இலவச மாற்று: எங்கே சறுக்குகிறார்கள்?

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ப்ராஜெக்ட் சீசன் வந்தால் ஒரே கேள்விதான்: "சார், மேட்லாபுக்கு (காசு கொடுத்து வாங்கும் கணக்கு மென்பொருள்) பதிலா ஃப்ரீயா என்ன இருக்கு?" கிராக் (திருட்டுப் பதிப்பு) போடாதே, வைரஸ் வரும் என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். இலவச மாற்றைத் தேடும்போது பிள்ளைகள் செய்யும் மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேலை என்னவென்று பார்க்காமல் ஆக்டேவை இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆக்டேவ் மேட்லாப் மாதிரியே எழுதும் இலவச மென்பொருள், அதில் குறையில்லை. மேட்லாப் ப்ரோகிராம்கள் பலவும் அதில் அப்படியே ஓடும். அதை நம்பித்தான் மாட்டுகிறார்கள். திருவொற்றியூர் பையன் ஒருவனுக்கு மோட்டார் வேகக் கட்டுப்பாடு ப்ராஜெக்ட். சீனியர் கொடுத்த ஃபைல் முழுக்க சிமுலிங்க் (கட்டங்களை இணைத்து மாதிரி ஓட்டிப் பார்க்கும் மேட்லாபின் துணை மென்பொருள்) கட்டங்கள். ஆக்டேவில் கட்டம் இழுத்துப் போட்டு இணைக்கும் வசதியே கிடையாது. அது தெரியாமல், வெர்ஷன் கோளாறு என்று நினைத்து அழித்து அழித்து இன்ஸ்டால் செய்திருக்கிறான். ரிவ்யூ நெருங்கிய பிறகு என்னிடம் வந்தான். சைலேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளோடு வரும் எக்ஸ்காஸில் கட்டம் போடலாம். ஆனால் சிமுலிங்க் ஃபைலை அதில் அப்படியே திறக்க முடியாது, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி கையால்தான் போட வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டான், பாவம்.

கட்டமே இல்லாத ஃபைலிலும் இதே கூத்து நடக்கும். 'டிஎஃப்' (டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் உருவாக்கும் கட்டளை) என்று அடித்ததும் 'அன்டிஃபைன்ட்' என்று வரும். உடனே ஆக்டேவ் வேஸ்ட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டளை கன்ட்ரோல் பேக்கேஜில் இருக்கிறது; அது இல்லையென்றால் தனியாக நிறுவ வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'பிகேஜி லோட் கன்ட்ரோல்' கொடுக்க வேண்டும். முதலில் ஃபைலைத் திறந்து, எந்த டூல்பாக்ஸ் (மேட்லாபின் கூடுதல் தொகுப்பு) கேட்கிறது, சிமுலிங்க் உண்டா என்று தாளில் எழுதுங்கள். அப்புறம் டவுன்லோட்.

மேட்லாப் ப்ரோகிராமை சைலேபில் ஒட்டுவது

ஓடாது. அங்கே கமென்ட்டுக்கு (ப்ரோகிராமுக்குள் எழுதும் குறிப்பு) // போட வேண்டும்; % போட்டால் பிழை. பாடப்புத்தகக் கணக்குகளுக்கான சைலேப் ப்ரோகிராம்களை மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டம் இலவசமாகத் தருகிறது, அதைப் பாருங்கள்.

எக்ஸ், ஒய் வைத்துத் தொகையிட (இன்டக்ரேட் செய்ய) ஆக்டேவ்

எழுத்தாகவே கணக்குப் போடும் இலவச மென்பொருள் மேக்சிமா போதும். அதில் மதிப்பு கொடுக்க : போடுங்கள்; = போட்டால் வெறும் சமன்பாடு.

பழைய லேப்டாப்பில் சேஜ்மேத்

இந்தப் பெரிய இலவச கணித மென்பொருளை அதில் நிறுவ வேண்டாம். பிரவுசரிலேயே சேஜ்மேத்செல் ஓடும்.

வீட்டில் ஆக்டேவ், லேபில் மேட்லாப்

'எண்டிஃப்', +=, # கமென்ட் எல்லாம் ஆக்டேவ் ஏற்கும், மேட்லாப் ஏற்காது. ப்ராக்டிகல் அன்று திரை முழுக்க சிவப்பெழுத்து வரும். வீட்டில் எழுதும்போதே வெறும் 'எண்ட்', % என்று பழகுங்கள்.