குழந்தைகள் விளையாடும் கொல்லையில் பாம்பு: நாம் செய்கிற தவறுகள்

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் ஒரு ஊஞ்சல் இருக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் சறுக்குமரம், அதன் காலடியில் மணல் தொட்டி. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் மகள் மணல் தொட்டியிலிருந்து ஒரு பாம்புச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, எவ்ளோ நீளம் பாருங்க” என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கே கந்தகப் பொடியும் அந்துருண்டையும் வாங்கி வந்து ஊஞ்சலைச் சுற்றி வட்டமாகப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு சாரைப்பாம்பு அந்த வட்டத்துக்குள் புகுந்து, நிதானமாக மறுபக்கம் வெளியேறிப் போனது.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் ஊஞ்சல் பக்கம் முதலில் போகவே இல்லை. கோழிக்கூடு, விறகு அடுக்கு, கிணற்றடி என்று சுற்றி வந்து, கடைசியாகச் சறுக்குமரத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இரண்டு எலி வளைகள். பாம்பைத் துரத்த என்ன போடலாம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ அது எதற்காக வருகிறது என்று தேடினார்.

வாசனையை நம்புவது

வெள்ளைப்பூண்டுக் கரைசல், மஞ்சள்தூள், பினாயில், கார்பாலிக் ஆசிட், வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்கு, வேலியோரம் வைக்கும் சிறியாநங்கைச் செடி என்று ஊருக்கு ஒரு வழி சொல்வார்கள். இவற்றில் எதுவும் பாம்பை நம்பகமாகத் தடுப்பதில்லை. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலிருக்கும் வாசனையை எடுத்து, மேல்வாயில் இருக்கும் ஒரு உறுப்பால் அறிந்துகொள்கிறது என்பது உண்மைதான். அதை வைத்து இரையின் தடத்தைப் பிடிக்கும். அதற்காக, நமக்கு மூக்கைப் பொத்தவைக்கும் நெடி அதற்கும் சுவராக நிற்கும் என்று அர்த்தமில்லை.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்தப் பொருள்களே ஆபத்து. கார்பாலிக் ஆசிட் தோலைப் பொசுக்கும். அந்துருண்டை பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளை வாயில் போட்டால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடிய நஞ்சு அது. கந்தகப் பொடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மணலில் உட்கார்ந்து, அந்தக் கையையே வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளைச் சுற்றி நான் அதைத் தூவியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது. மருந்து போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் பெரியவர்கள் தரையைப் பார்ப்பதை விட்டுவிடுவது அடுத்த ஆபத்து.

விளையாட்டுச் சாமானே மறைவிடம் ஆவது

பெரும்பாலானவர்கள் கவனிக்காத இடம் இது. பாம்புக்கு வேண்டியது நிழல், ஈரம், உடம்பைச் சுற்றி இறுக்கமான ஒரு சந்து. அதைப் பார்த்துப் பார்த்து நாமே அமைத்துக் கொடுக்கிறோம்.

சறுக்குமரத்தையும் பிளாஸ்டிக் குட்டி வீட்டையும் மண்மேல் அப்படியே வைத்துவிட்டு மாதக்கணக்கில் நகர்த்தாமல் இருந்தால், அடியில் வெயில் படாத ஈரத்தரை உருவாகும். முதலில் பூச்சி வரும், அப்புறம் தவளையும் அரணையும், அவற்றைத் தேடிப் பாம்பு. ஒன்று, அடிப்பக்கம் முழுக்கத் திறந்து வெளிச்சம் படும்படி செங்கல் வைத்து ஓரடியாவது உயர்த்துங்கள். சாமான் ஆடாமல் கட்டிவிட வேண்டும். அல்லது கீழே சிமெண்ட் தளம் போட்டு இடைவெளியே இல்லாமல் உட்கார வையுங்கள். இரண்டும் இல்லாமல் நாலு விரல் உயரச் சந்து விடுவதுதான் மோசம்.

ஊஞ்சல் சட்டத்தின் இரும்புக் குழாய்களின் முனையைப் பாருங்கள். மூடி கழன்று போயிருந்தால் ஒரு கட்டுவிரியன் குட்டி சுருண்டு படுக்க அது போதும். பத்து ரூபாய் மூடியோ கொஞ்சம் சிமெண்டோ வைத்து அடைத்துவிடலாம். பழைய லாரி டயரை வண்ணம் அடித்து நட்டு வைப்பது இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. டயரின் உள்மடிப்பில் மழைநீர் தேங்கும், கொசு முட்டையிடும், தவளை குடியேறும். டயர் வைத்தே தீர வேண்டும் என்றால் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, தினமும் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்ட ரப்பர் பாயும் அப்படித்தான்.

மணல் தொட்டிக்கு மூடி அவசியம். ஆனால் மூடியே கூரையாகிவிடக் கூடாது. தொட்டியின் விளிம்போடு ஒட்டிப் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் வளைந்து விலகியிருந்தால் மூடாமல் விடுவதைவிட மோசம், ஏனென்றால் உள்ளே இருட்டு. காலையில் மூடியைத் திறக்கும்போது பெரியவர்கள் தள்ளி நின்று கம்பால் தூக்கிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விட வேண்டும்.

எலியை மறந்துவிடுவது

பாம்பு தானாக வளை தோண்டாது. எலி தோண்டியதில் போய்ப் படுக்கும், அல்லது கறையான் புற்றில். கோழித்தீவனம் சிந்திக் கிடப்பது, தவிட்டு மூட்டை திறந்திருப்பது, பிள்ளைகள் ஊஞ்சலில் உட்கார்ந்து தின்ற முறுக்குத் தூள் என எல்லாமே எலிக்கு விருந்து. தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், கோழிக்கூட்டை விளையாட்டு இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். விறகு, தென்னமட்டை, பழைய ஓடு, செங்கல் குவியலையும் அப்படியே. விறகை மேடை போட்டுத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் அடுக்கினால் அடியில் ஒளிவது குறையும்.

எலிக்கு விஷம் வைப்பது இன்னொரு தவறு. அதைப் பிள்ளைகளும் நாயும் எடுத்துவிடலாம். பொறி வையுங்கள். காலி வளை என்று உறுதியான பிறகு ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடையுங்கள். உள்ளே பாம்பு இருக்கிற வளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் புகை போடுவதும் வேண்டாம். கலைந்த பாம்பு எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தோட்டத்து நைலான் வலையைச் சுற்றிக் கட்டுவது

இதை நல்ல யோசனை என்று நானும் நினைத்திருந்தேன். அந்த வலையில் பாம்பு தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். உயிரோடு, வலியில், பிள்ளைகள் ஓடும் உயரத்தில். தடுப்பு வேண்டும் என்றால் கால் அங்குலத்துக்கு மேல் போகாத கண் உள்ள இரும்புக் கம்பி வலை வேண்டும். மூன்றடி உயரம், அரை அடி மண்ணுக்குள், மேற்பக்கம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதை ஒட்டிக் கொடியோ செடியோ வளர விட்டால் பாம்புக்கு அது ஏணி. கொல்லை முழுக்கப் போடச் செலவாகும், விளையாட்டு இடத்தை மட்டும் வளைத்தால் போதும். மதில் சுவரில் தண்ணீர் போக விட்ட ஓட்டைக்கும் இதே வலையை வைக்கலாம். கேட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்தாலும் குட்டிகள் நுழைந்துவிடும்.

நேரத்தைக் கவனிக்காதது

கட்டுவிரியன் இரவில் நடமாடும். கண்ணாடி விரியனும் பெரும்பாலும் அந்தி மங்கிய பிறகுதான். விளக்குப் போட்டு ஏழு மணிக்கு மேல் விளையாட விடுகிறோம். அந்த விளக்குக்குப் பூச்சியும், பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வந்து சேர்கின்றன. இருட்டுவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வளைகளில் தண்ணீர் ஏறும்போது பாம்புகள் மேடான, காய்ந்த இடம் தேடும். மழை விட்டதும் “போய் விளையாடு” என்று சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

பார்த்ததும் அடிப்பது, அல்லது கையில் எடுப்பது

தமிழ்நாட்டில் பெரும்பாலான விஷக்கடிக்குக் காரணம் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கொல்லையில் தென்படும் மற்ற பல பாம்புகள் ஆபத்தில்லாதவை. சாரை எலியைத் தின்று நமக்கு உதவுகிறது. ஆனாலும் உருவத்தைப் பார்த்து நாமே முடிவு செய்வது சரியில்லை. கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்தவர்கள் உண்டு. கட்டுவிரியனையும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் பழகிய கண்ணே தடுமாறிப் பார்க்கும். குட்டிதானே என்பதும் தவறு. பிறந்த நாளிலிருந்தே விஷம் உண்டு. அடிக்கக் கிட்டே போகிறவர்தான் பல நேரம் கடி வாங்குகிறார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் பத்தடி தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் 101-இல் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பந்து புதருக்குள் போனால் எடுக்காதே, கூப்பிடு. பாம்பைப் பார்த்தால் நில், மெதுவாகப் பின்னால் வா, சத்தமாகச் சொல். இதை மிரட்டிச் சொல்லக் கூடாது. பயந்த பிள்ளை திட்டு விழும் என்று கடித்ததையே மறைத்துவிடும்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. தாமதத்தால் போன உயிர்கள் அதில் ஏராளம். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் இறுகிவிடும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108-ஐ அழையுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து அந்த நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, 1978-இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

கட்டுவிரியன் கடித்த இடம் பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. விளையாடிவிட்டு வந்த பிள்ளை காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்று சொல்லி, இமை கனத்து மூடினால், பேச்சுக் குழறினால், காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். குழந்தைக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கிற அதே அளவு மருந்துதான். பாம்பு செலுத்தும் விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அருகில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து எப்போதும் இருப்பில் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, மகளின் கண் உயரத்தில்.