எலக்ட்ரிக் டர்ட் பைக்: சின்னதா, பெரியதா? முதலில் தூக்கிப் பாருங்கள்

பெங்களூரில் எலக்ட்ரிக் டர்ட் பைக் (மண், சேறு, மேடு பள்ளத்தில் ஓட்டுகிற பேட்டரி பைக்) வாங்கப் போகிறேன் என்று சொன்னால், "சார்ஜ் எவ்வளவு தூரம் வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நாலாவது கேள்வி. கீழே விழுந்த வண்டியை ஒற்றை ஆளாக உங்களால் தூக்க முடியுமா? இதுதான் முதல் கேள்வி.

படி 1: படுக்க வைத்துத் தூக்குங்கள்

சர்ரான் லைட் பீ மாதிரி சின்ன வண்டிகள் 60 கிலோவை ஒட்டி வரும். கேஸ் நிரம்பிய வீட்டு சிலிண்டர் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்க் வார்க் மாதிரி முழு அளவு வண்டி 110 கிலோவைத் தாண்டும், கிட்டத்தட்ட ஸ்ப்ளெண்டர் எடை. "ஸ்ப்ளெண்டரைத் தூக்காதவனா நான்?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் ஓசூர் பக்கம் நண்பரின் தென்னந்தோப்பில் ஒரு பெரிய வண்டியை ஓட்டிப் பார்த்தேன். செம்மண் சேறு. முதல் தடவை விழுந்தபோது சிரித்துக்கொண்டே தூக்கினேன். மூன்றாவது தடவை ஹேண்டில்பார் முனை சேற்றில் புதைந்துவிட்டது, ஷூ வழுக்குகிறது, கையில் பலமே இல்லை. அரை மணி நேரத்தில் வண்டியை நண்பரிடம் கொடுத்துவிட்டு இளநீரோடு உட்கார்ந்துவிட்டேன். புதிதாகக் கற்கிறவருக்கு மூன்று விழுதல் என்பது ஆரம்பம்தான்.

கடையில் அனுமதி கேட்டு வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதலில் பவரை அணையுங்கள். பெட்ரோல் வண்டி உறுமும், இது உறுமாது, ஆனில் இருப்பதே தெரியாது. தூக்கும்போது கை ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டால் வண்டி உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். அப்புறம் ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை சீட்டுக்குப் பின்னால், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஐந்து தடவை. ஐந்தாவதில் மூச்சு வாங்கினால் சின்னதை எடுங்கள்.

படி 2: காலை ஊன்றிப் பாருங்கள்

ஸ்ப்ளெண்டர் சீட் உயரம் 78.5 செ.மீ. லைட் பீ 83 செ.மீ. அளவில் இருக்கும். முழு அளவு டர்ட் பைக்குகள் 90 செ.மீ.க்கு மேல் போகும். ஐந்தரை அடி ஆளுக்கு அதில் விரல் நுனிதான் தரையில் படும். ஆறடி ஆள், ஏற்கனவே டர்ட் பைக் ஓட்டிப் பழகியவர், மேட்டில் ஏறித் தாவப் போகிறவர் என்றால் கதை வேறு. சின்ன வண்டியில் முழங்கால் இடிக்கும். பெரிய வண்டியின் 21 அங்குல முன்சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் விழுங்குவதுபோல் சின்னதன் 19 அங்குலம் விழுங்காது. அவருக்குப் பெரியதுதான் சரி.

படி 3: பேட்டரிக் கணக்கு

வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 60 வோல்ட், 40 ஆம்பியர்-ஹவர் என்றால் 2,400 வாட்-ஹவர், அதாவது 2.4 யூனிட் கரண்ட். பெரிய வண்டியில் 6 யூனிட்டுக்கு மேலும் இருக்கும். அல்சூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் எனக்கு யூனிட்டைவிட முக்கியம், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போட முடியுமா என்பதுதான். சின்ன வண்டிகள் பலவற்றில் முடியும். பெரியதற்குப் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வேண்டும், அதற்கு அசோசியேஷன் அனுமதி வேண்டும். அது தனிப் போராட்டம்.

படி 4: ட்ராக்குக்கு எப்படிப் போவீர்கள்?

நம் சட்டப்படி 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் இருக்கும் எடை குறைந்த வண்டிக்குத்தான் பதிவு விலக்கு. நான் சொன்ன இரண்டு ரகமும் அதில் அடங்காது. நம்பர் பிளேட் இல்லையென்றால் தெருமுனைக் கடை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. ஆக, கோலார் பக்கம் பைக் பந்தய வீரர் சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் மாதிரி இடத்தில் ஓட்ட வேண்டுமென்றால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சின்னதை இரண்டு பேர் அப்படியே தூக்கிக் குட்டியானையில் வைத்துவிடலாம். பெரியதற்குச் சாய்வுப் பலகை வேண்டும். அது டிரைவரிடம் இருக்கிறதா என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள்.