வாட்ஸ்அப்பில் ஸ்கூல் ஃபீஸ்: கணக்கு குழம்பாமல் வசூலிக்க

பாக்கிப் பட்டியலை வகுப்பு குரூப்பில் போடவே கூடாது. பணம் வருவதற்கு முன்னால் சண்டை வரும். ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் சரி: ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பள்ளி எண்ணைப் போனில் சேமிக்காத பெற்றோருக்கு மெசேஜ் போகாது. அட்மிஷன் அன்றே ஆபீஸில் வைத்து சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பிராட்காஸ்டில் எந்த டெர்ம், கடைசித் தேதி, யுபிஐ ஐடி மட்டும் போதும். தொகையைத் தனித்தனியே அனுப்புங்கள்: “6-பி, அட்மிஷன் எண் 1142, ரூ.8,500. கட்டும்போது நோட் பகுதியில் 1142 என்று போடவும்.” யுபிஐ ஐடி பள்ளி அக்கவுண்டுக்கு உரியதாக இருக்கட்டும். கிளார்க்கின் சொந்த ஜிபே நம்பர் வேண்டாம், ஆடிட்டில் மாட்டுவீர்கள்.

தலைவலியே இனிமேல்தான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது போடாதீர்கள். அதைத் திருத்துவது சுலபம். ஒவ்வொரு யுபிஐ பேமென்ட்டுக்கும் வரும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அதே எண்ணும் தொகையும் இருக்கிறதா பாருங்கள். அம்பத்தூரில் இருக்கும் தாத்தா கட்டியிருப்பார், ஸ்டேட்மென்ட்டில் அவர் பெயர்தான் இருக்கும். அண்ணன், தங்கை இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையாகவும் வரும். அட்மிஷன் எண் இல்லையென்றால் யார் பணம் என்று தேடியே பொழுது போய்விடும்.

‘பெண்டிங்’ என்று காட்டினால் உடனே மறுபடி கட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ரசீதை பிடிஎஃப்பாக, கட்டியவருக்கு மட்டும் அனுப்புங்கள்.