அப்பாவின் இடது பக்கம்

காலை ஆறேகால் மணி. காபி டம்ளர் அப்பாவின் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. "கை மரத்துப் போச்சும்மா, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றார். நானும் படுக்க விட்டேன். எட்டே முக்காலுக்கு எழுப்பினால் வாய் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. பக்கவாதம். சென்னை பெரம்பூரில் இருந்துகொண்டு இரண்டரை மணி நேரத்தைத் தொலைத்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் 108தான். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போயே ஆக வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஆகவே ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் போய் உட்காராதீர்கள். சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச். மாதிரி பெரிய இடத்துக்கே போங்கள். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம், புரையேறும். ஆஸ்பிரினும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து. புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி ஒரு சித்தப்பா வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்பாவுக்கு ஏன் வந்தது? "தலைசுத்தல்தான் இல்லையே" என்று பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். பிரஷர் சத்தம் போடாமலேயே ஏறும். இப்போது மாத்திரை டப்பா என் பொறுப்பு, ஊறுகாயும் அப்பளமும் என் பூட்டுக்குள். பீடியையும் விட்டாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான வேலை. பலவீனமான கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக. படுக்கையிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். சாப்பாடு நிமிர்ந்து உட்கார்ந்துதான். முடித்ததும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிசியோதெரபிக்கு, வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்டில் வலப்பக்க இட்லி தீரும், இடப்பக்கம் அப்படியே இருக்கும். அடம் பிடிக்கிறார் என்று திட்டினேன். அப்புறம்தான் பிசியோ தம்பி சொன்னார்: கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளை இடப்பக்கத்தைக் கவனிப்பதில்லை. அன்றிலிருந்து இடப்பக்கமே உட்கார்ந்து பேசுகிறேன், டிவி ரிமோட்டையும் அங்கேயே வைக்கிறேன். போன வாரம் இடது ஓரத்தில் இருந்த சட்னியைத் தானே தொட்டுக்கொண்டார். உப்பு போதவில்லை என்று ஒரே சண்டை.