பாட்டு முடிந்ததும் கையை எடுங்கள்: பாடலால் செபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிட்டால் சென்னையின் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களில் மாலை ஆராதனையைப் பாடி நடத்தப் புதிதாக இளைஞர்கள் முன்வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் முந்தைய அணி செய்த தவறுகளையே இந்த அணியும் அட்சரம் பிசகாமல் செய்கிறது. சுருதி சேராதது, சரணம் மாறிப்போவது எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். செபிக்க வந்தவர்கள் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவதற்கு எவை காரணமோ, அவற்றைப் பார்ப்போம்.

மௌனத்தை நிரப்புவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. எரிச்சலும் இதில்தான் அதிகம்.

பாட்டு முடிகிறது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை இன்னும் ஸ்ட்ரிங்ஸ் கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) அழுத்தியபடியே இருக்கிறது. வலது கை அதே மெட்டை மேல் ஸ்தாயியில் தடவத் தொடங்குகிறது. இருபது விநாடிகூட ஆகாது, வழிநடத்துபவர் மைக்கை நெருங்கி, "ஆண்டவர் இப்போது உங்களைத் தொடுகிறார்..." என்று ஆரம்பித்துவிடுவார். அவர் முடிப்பதற்குள் அடுத்த பாட்டின் முன்னிசை வந்துவிடும். முழங்காலில் இருந்தவர்களில் ஒருவருக்காவது கடவுளிடம் ஒரு வாக்கியம் பேச இடம் கிடைத்திருக்குமா?

பாட்டு மனதை ஒரு சொல்லில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தச் சொல்லோடு செபிப்பது பாட்டு ஓய்ந்த பிறகுதான். ஓய்ந்த உடனே மனம் அடங்காது. மின்விசிறிச் சத்தம், வெளியே ஆட்டோ ஹாரன், நாளைக்குக் கட்ட வேண்டிய கரண்ட் பில் என்று முதல் அரை நிமிடம் ஓடும். அதைத் தாண்டித்தான் உள்ளே ஏதாவது அசையும். கீபோர்டு ஒலித்துக்கொண்டிருந்தால் காது மெட்டின் பின்னாலேயே போகும்.

பிரான்சின் தெய்சே ஊரில் சகோதரர் ரோஜர் 1940-இல் தொடங்கிய துறவியர் குழுமத்தில், ஓரிரு வரிப் பாடலைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு நீண்ட நேரம் மௌனமாக இருப்பார்கள். அந்தப் பாடல்களை இங்கே ஆசையாக எடுத்துக்கொண்ட நாம், மௌனத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

மௌனம் வந்தால் "மைக் போயிடுச்சா?" என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் இதற்குக் காரணம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பயம் தீரும். "பாடலுக்குப் பின் மூன்று நிமிடம் அமைதி. மணி அடித்ததும் எழுந்து நிற்போம்" என்று பாடலுக்கு முன்பே அறிவியுங்கள். பல்லவியை ஆறேழு முறை பாடுங்கள். கடைசி இரண்டு முறை இசைக்கருவி வேண்டாம், குரல் மட்டும் போதும். கடைசி முறை இன்னும் தாழ்ந்த குரலில். பிறகு கீபோர்டின் வால்யூமை முழுவதும் இறக்கிவிட்டு, வாசிப்பவர் கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். வழிநடத்துபவருக்கு ஒரு நிமிடமே மூன்று நிமிடமாகத் தோன்றும். பழக்கமில்லாத கூட்டத்துக்கு முதல் வாரம் ஒரு நிமிடம் வைத்து, வாரத்துக்கு வாரம் கூட்டலாம்.

திருப்பலியில் இன்னும் கவனம் தேவை. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை, எண் 45, மௌனத்தை வழிபாட்டின் பகுதியாகவே சொல்கிறது. எண் 313-இன்படி தவக்காலத்தில் இசைக்கருவி பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். தவக்கால 4-ஆம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் விலக்கு. அப்படியிருக்க, தவக்காலத்தில் நற்கருணை வாங்கியபின் தனி கீபோர்டு வாசிப்பு எதற்கு?

சுதியை உயர்த்திப் பிடிப்பது

பாடகர் குழுவுக்கு எட்டும் சுதி கடைசி பெஞ்சுக்கு எட்டாது. பாட்டின் உச்ச ஸ்வரம், பெண்கள் பாடும் ஸ்தாயியில், மிடில் சி-க்கு அடுத்த மேல் சி-க்குள் இருக்கட்டும், மிஞ்சினால் டி. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். காலைத் திருப்பலியில் குரல் திறந்திருக்காது, இன்னும் ஒரு ஸ்வரம் இறக்குங்கள். கீபோர்டில் தானாக ஓடும் தாளமான ஆட்டோ ரிதத்தை அணைத்துவிடுங்கள். அது மூச்சுவிட இடம் தராது.

திரையைப் பார்த்துப் பாட வைப்பது

கண் ஸ்லைடில் இருக்கும்வரை மனம் உள்ளே திரும்பாது. இரண்டு வரிப் பல்லவியை மட்டும் எடுத்து, மூன்று முறை சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரையை அணையுங்கள். தெரிந்த பாட்டு இன்னும் நல்லது. ஆராதனையில் வழக்கமாகப் பாடும் "மாண்புயர் இவ்வருட்சாதனத்தை" பாட யாருக்குத் திரை வேண்டும்?

வாசகம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

130-ஆம் திருப்பாடலின் எட்டு வசனங்களை வாசித்தால், பாட்டும் ஆழத்திலிருந்து கூப்பிடும் குரலாகவே இருக்கட்டும். வாசகம் முதலில், பாட்டு பிறகு.

பாட்டுகளை அடுக்குவது

ஒரு மணி நேரத்துக்கு நான்கு போதும்.

கண்ணீரை அளவுகோலாக்குவது

பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவம் என்று புனித அகுஸ்தீனார் தம் வாழ்வைச் சொல்லும் "அறிக்கைகள்" என்ற படைப்பின் பத்தாம் நூலில் வருந்துகிறார். அதே இடத்தில், மனம் மாறிய தொடக்க நாட்களில் திருச்சபையின் பாடல் தம்மை அழவைத்ததையும் நினைத்துப் பார்க்கிறார். அழுகை வந்தால் வரட்டும். அதை வரவழைக்க வேண்டுமென்று கார்டை மாற்றி மாற்றி ஏற்றாதீர்கள்.

வீட்டில் தனியாகக் கேட்கும்போது

பிளேலிஸ்ட் வேண்டாம், ஒரே பாடல் போதும். மூன்று முறை கேளுங்கள்: முதலில் மெட்டுக்காக, அடுத்து சொற்களுக்காக, மூன்றாம் முறை மனதில் தங்கிய ஒரே வரிக்காக. பிறகு நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். யூடியூபில் நேரடியாகப் போட்டால் நடுவில் விளம்பரம் வரும். முன்பே பதிவிறக்கி, போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள்.