வீட்டுக் கணினியில் பழைய மென்பொருள்: ஓட்டைகளைத் தேடி அடைப்பது எப்படி?

விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு (தாக்குபவர்கள் உள்ளே நுழைய இடம் தரும் பாதுகாப்புக் குறைக்கு) மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அப்டேட் வெளியிட்டது. அதே ஓட்டையைப் பிடித்துக்கொண்டு வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) பரவத் தொடங்கியது மே 12 அன்று. நடுவில் 59 நாட்கள்! அப்டேட் போட்டிருந்த கணினிக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. உண்மையில் அப்டேட் வந்த மறுநாளிலிருந்துதான் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, எந்த இடம் ஓட்டையாக இருந்தது என்று விஷயம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

வேலையைத் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

ஆயுள் முடிந்துவிட்டதா?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதன் கடைசியில் அபௌட். அங்கே விண்டோஸின் பெயரோடு வெர்ஷனையும் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும், 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட், முடிந்துவிட்டது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு. ஆனால் வெர்ஷன் 22எச்2 (22H2) ஆக இருக்க வேண்டும், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீங்களே போய்ப் பதிவு செய்ய வேண்டும். தானாக வராது.

விண்டோஸ் 11 என்றால் கவலையில்லை என்று நினைப்பது தவறு. ஹோம் பதிப்பில் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 24 மாதம்தான் ஆயுள். 22எச்2, 23எச்2 இரண்டும் முடிந்துவிட்டன. மாதாமாதம் அப்டேட் வருகிறதே என்று இருந்துவிட்டு, ஒருநாள் அது நின்றுபோனதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் ஆதரவு முடிந்தது.

கணினி பழையது, விண்டோஸ் 11 ஏறாது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். 4 ஜிபி ராம் இருந்தால் பிரவுசர், கடிதம், படம் பார்ப்பது எல்லாம் நடக்கும்.

விண்டோஸ் அப்டேட் ஏன் பாதியில் நிற்கிறது?

மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், செக் ஃபார் அப்டேட்ஸ். வந்ததைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடியும் அதே பட்டனை அழுத்துங்கள். ஒன்றைப் போட்ட பிறகுதான் இன்னொன்று தலைகாட்டும். எதுவும் இல்லை என்று சொல்லும்வரை விடாதீர்கள்.

பெரும்பாலும் தடையாக இருப்பது இரண்டு. ஒன்று இடம்: சி டிரைவில் 20 ஜிபி காலியாக வைத்திருங்கள். இன்னொன்று ரீஸ்டார்ட். லேப்டாப்பை மூடிவைப்பது அதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் சாதாரண ஷட் டவுனும் ஈடாகாது. விண்டோஸ் தன் மையப் பகுதியை டிஸ்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் ரீஸ்டார்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

அப்டேட் போட்டு ஏதாவது கெட்டுப்போனால் அப்டேட் ஹிஸ்டரியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. பெரிய வெர்ஷன் மாற்றம் என்றால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். இந்தப் பயத்துக்காக இரண்டு மூன்று நாள் பொறுப்பது சரி. அப்டேட்டை நிறுத்திவைக்கும் பாஸ் (Pause) பட்டனை அழுத்தி ஐந்து வாரம் தள்ளிப்போடுவது சரியல்ல.

பிரவுசர்

வெளியாட்கள் அனுப்பும் எதையும் முதலில் தொடுவது பிரவுசர்தான். அது தானாகவே அப்டேட்டை இறக்கிக்கொள்ளும்; ஆனால் மூடித் திறக்கும்வரை ஓடுவது பழையதுதான். நாற்பது டேப்களை வாரக்கணக்கில் திறந்து வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். மெனுவில் ஹெல்ப், அபௌட் என்று போனால் போதும், அந்தப் பக்கம் திறந்தவுடனே புதியது இருக்கிறதா என்று தேடும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

இணையப் பக்கத்தின் நடுவே “உங்கள் பிரவுசர் பழையது, இதை டவுன்லோட் செய்யுங்கள்” என்று வந்தால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ அப்படிக் கேட்பதில்லை.

தானாக அப்டேட் ஆகாதவை

வீட்டுக் கணினிகளில் அதிகம் மறக்கப்படும் இடம் இதுதான். சுருக்குக் கோப்புகளைத் திறக்கும் வின்ரார், 7-ஜிப் இரண்டும் தாமாக அப்டேட் ஆவதில்லை. வின்ராரில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகள் 2023-இல் 6.23 பதிப்பிலும், 2025-இல் 7.13 பதிப்பிலும் அடைக்கப்பட்டன. 7-ஜிப்பில் ஒன்று 24.09-இல். யாரோ ஐந்து வருடம் முன்பு போட்டுக்கொடுத்த வின்ரார் இன்றும் சுருக்குக் கோப்பைத் திறக்கத்தான் செய்யும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, பழையதிலிருந்து பாருங்கள். ஃபிளாஷ் பிளேயர், சில்வர்லைட், விண்டோஸுக்கான குவிக்டைம் ஆகியவை இருந்தால் யோசிக்காமல் நீக்குங்கள். இவற்றுக்கு இனி அப்டேட் வரவே வராது. எதற்கென்றே தெரியாமல் ஜாவா இருந்தால் அதையும் நீக்குங்கள். தேவைப்படும் புரோகிராம் தானே கேட்கும். ஓராண்டாகத் திறக்காத மென்பொருளை அப்டேட் செய்வதைவிட அழிப்பதே நல்ல அடைப்பு.

மீதமுள்ளவற்றுக்கு விங்கெட் என்ற கருவி விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. டெர்மினல் என்ற ஆப்பைத் திறந்து ஆங்கிலத்தில் விங்கெட் அப்கிரேட் (winget upgrade) என்று தட்டினால் எவையெல்லாம் பழையவை என்று பட்டியல் வரும். பின்னால் ஓர் இடைவெளி விட்டு இரண்டு சிறு கோடும் ஆல் என்ற சொல்லும் (--all) சேர்த்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கும். இன்ஸ்டால் செய்யாமல் ஃபோல்டரிலிருந்தே ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள் பொதுவாக இதன் கண்ணில் படாது. அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கையால் டவுன்லோட் செய்யும்போது தயாரிப்பாளரின் தளத்துக்கே போங்கள். தேடலில் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். “டிரைவர் அப்டேட்டர்” என்று விற்கும் புரோகிராம்கள் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் கணினி தயாரிப்பாளரின் தளமும் போதும்.

2023 செப்டம்பரில், வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கப் பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டது குரோம் மட்டுமில்லை, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் நகல் ஒன்றைத் தனக்கெனச் சுமந்துகொண்டு வரும் பல டெஸ்க்டாப் ஆப்களும் அதில் அடக்கம். பிரவுசரைப் புதுப்பித்தால் அந்த நகல்கள் மாறாது. அரட்டை, குறிப்பு ஆப்களையும் அவ்வப்போது மூடித் திறக்கச் சொல்வது இதனால்தான்.

பயாஸ், ரவுட்டர்

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் மென்பொருள். அதன் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 48 இலக்கம். அப்டேட் முடிந்து கணினி எழும்போது அதைக் கேட்கக்கூடும். இல்லாவிட்டால் டிஸ்க்கைத் திறக்கவே முடியாது. சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள், நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே வீணாகலாம்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டைப் பாருங்கள், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிடுங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட மாடல் என்றால் மாற்றுவதுதான் வழி.

அப்டேட் செய்யவே முடியாதபோது

பழைய ஸ்கேனர் விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடுகிறது என்றால் அந்தக் கணினியின் வைஃபையை அணைத்து, லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவந்து, புதிய கணினியில் திறப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள். மற்ற கணினிகளில் கன்ட்ரோல் பேனலின் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0 (SMB 1.0, பழைய கோப்புப் பகிர்வு முறை) என்பதற்கு எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வானாக்ரை நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். பழைய நெட்வொர்க் டிஸ்க்கைத் திறப்பதற்காக அதை யாராவது மறுபடி போட்டு வைத்திருப்பார்கள். அப்படியானால் புதுப்பிக்க வேண்டியது அந்த டிஸ்க்கின் ஃபர்ம்வேரை.